இடப்பக்கத்து உளை

இளைஞர் மன்றத்தில் பெயர் எழுதிக்கொண்டிருந்த கார்முகில் குடும்ப அட்டையை வாங்கி, அதில் ஒட்டியிருந்த போட்டோவையும் எதிரே நின்ற சௌந்தரவல்லியையும் ஒருமுறை பார்த்துவிட்டு, ஆள்காட்டி விரலால் பெயர்ப்பட்டியலில் மேலிருந்து கீழாக இறங்கி வந்தான். சௌந்தரவல்லி, குடும்பத் தலைவி. பஞ்சநாதன், கணவர். மூன்றாவதாக ஒரு பெயர் இருந்தது. அதன்மேல் சிவப்பு மையில் கோடு போட்டு, ஓரத்தில் ஒரு முத்திரையும் குத்தியிருந்தார்கள்.

"ஓவியா பேரு இதுல இல்லிங்களேக்கா" என்றான்.

"அவ என் பொண்ணுடா."

"எனக்குத் தெரியாதா? ஆனா மன்றத்துல ரூல் போட்டாச்சுக்கா. ஓடுற ரெண்டு பேர் பேரும் ஒரே கார்டுல இருக்கணும்."

அந்த விதி எதனால் வந்தது என்பது விழிதியூர் முழுக்கத் தெரிந்த சங்கதி. போன பொங்கலுக்குக் கயிறு இழுக்கும் போட்டியில், கீழத்தெருக்காரர்கள் திருவேட்டக்குடியிலிருந்து தூண் மாதிரி ஒரு ஆளைக் கூட்டிவந்து, மச்சினன் முறை என்று சொல்லி இறக்கிவிட்டார்கள். கடலில் வலை இழுத்துப் பழகிய கை. எதிர்த்தரப்பு மொத்தமும் அவன் இழுத்த இழுப்பில் வாய்க்காலுக்குள் போய் விழுந்தது. மண்டை உடையாமல் பிழைத்ததே பெரிய காரியம். அதனால்தான் ஆகஸ்டு பதினைந்தாம் தேதி கொடியேற்றம் முடிந்து நடக்கப்போகும் சேற்றோட்டத்துக்குக் குடும்ப அட்டையைக் கட்டாயமாக்கியிருந்தார்கள். ஒரு குடும்பத்திலிருந்து இரண்டு பேர். வலைக்கு அடியில் ஊர்ந்து, டிராக்டர் டயருக்குள் நுழைந்து, வைக்கோல் கட்டுகள்மேல் ஏறி இறங்கி, ஆளுக்கு ஒரு நாற்று முடியைச் சுமந்து, சேறடித்த வயலைக் கடந்து கைகோத்தபடி கோட்டைத் தாண்டவேண்டும்.

"அவங்க சித்தி நேத்தே வந்து பேரு குடுத்துட்டாங்களேக்கா. விஷ்ணுப்ரியா, ஓவியா. ஒங்களுக்குத் தெரியாதா?" என்று கார்முகில் நோட்டைத் திருப்பிக் காட்டினான். அவன் மனதில் கள்ளம் எதுவுமில்லை. சௌந்தரவல்லிக்குத்தான் காதிரண்டும் சூடாகிவிட்டது. பெற்றவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேற்று மாலைகூடப் போனில் பேசினாளே அந்தப் பெண், சாப்பிட்டியாம்மா, மாடு கன்னு போட்டுடுச்சாம்மா என்று.

"சரி, எழுதிக்க" என்றாள். "சௌந்தரவல்லி, பஞ்சநாதன்."

"அண்ணனா?" என்று கேட்டவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டான்.

பஞ்சநாதன் கொம்யூன் பஞ்சாயத்தில் குடிதண்ணீர் மோட்டார் ஆபரேட்டர். காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் சுவிட்சைப் போட்டு அணைப்பது தவிர உடம்பை வருத்தி அவர் எதையும் செய்து பல வருஷமாகிறது. விஷயத்தைக் கேட்டதும், சாப்பிட்டுக்கொண்டிருந்த தோசையை அப்படியே வைத்துவிட்டார். "வல்லி, ஒனக்கு என்னா ஆச்சு? இந்த வயித்த வச்சிக்கிட்டு நான் டயருக்குள்ள நுழைஞ்சா, அப்பறம் டயரோடதான் ஆபீசுக்குப் போவணும்" என்றார். அவள் சிரிக்கவில்லை. இன்னொரு தோசையை அவர் தட்டில் போட்டுவிட்டு, "நீங்க என் கையப் புடிச்சிக்கிட்டா போதும். இழுத்துக்கிட்டுப் போயிடுவன்" என்றாள். இருபது வருஷம் குடித்தனம் நடத்தியவருக்கு அந்தக் குரல் தெரியும். தோசையைப் பிட்டார்.

விஷ்ணுப்ரியா அவருடைய தம்பி சிவக்குமாரின் மனைவி. காரைக்கால் டவுனில் மாடி வீடு, கூட்டுறவு சங்கத்தில் வேலை. கல்யாணமாகி ஒன்பது வருஷமாகியும் குழந்தை இல்லை. சௌந்தரவல்லி இதுவரை அதைக் குத்திக்காட்டி ஒரு சொல் சொன்னதில்லை. அந்தமட்டில் தான் நல்லவள்தான் என்று அவளுக்கு ஒரு எண்ணம் உண்டு. ஓவியா ஒன்பதாம் வகுப்புக்கு டவுன் பள்ளிக்கூடம் போனபோது, சாயங்கால டியூஷன் முடிந்து ஊர் திரும்ப பஸ் தோதுப்படவில்லை. எங்க வீட்லயே இருக்கட்டுங்க்கா என்று விஷ்ணுப்ரியாதான் கேட்டாள். பள்ளியிலும் அட்டையிலும் முகவரி ஒன்றாக இருந்தால் நல்லது என்று யாரோ சொல்லப்போய், பெயரையும் அவர்கள் அட்டைக்கு மாற்றினார்கள். அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவள் சௌந்தரவல்லிதான். வெயிலில் இரண்டு நாள் அலைந்து, வரிசையில் நின்று, சிவப்புக் கோடு போடுவதை இந்தக் கண்ணால் பார்த்து, வேலை முடிந்தது என்று மோர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தவளும் அவளேதான். அதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

விஷ்ணுப்ரியாவிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் பெரிய தொந்தரவு. கொஞ்சம் திமிர் பிடித்தவளாகவோ, பிள்ளையைச் சரியாகக் கவனிக்காதவளாகவோ இருந்திருந்தால் சௌந்தரவல்லி நிம்மதியாக இருந்திருப்பாள். அவளோ தீபாவளிக்குத் தனக்கு எடுப்பதைவிட நல்ல புடவையாக ஓரகத்திக்கு எடுத்து வருவாள். வந்ததும் அடுப்படிக்குள் புகுந்து பாத்திரம் தேய்ப்பாள். ஓவியாவுக்குக் காய்ச்சல் என்றால் லீவு போட்டுவிட்டுக் கூடவே உட்கார்ந்திருப்பாள். மூன்று வருஷத்தில் பெண் மெல்ல மெல்ல அவளைப்போலவே ஆகிவிட்டாள். இரட்டைப் பின்னல் போய்க் குதிரைவால் வந்தது. தட்டில் சோறு குறைந்து காய்கறி கூடியது. எதற்கெடுத்தாலும் சித்தி சொன்னாங்க, சித்தி வாங்கிக் குடுத்தாங்க. விடிவதற்குள் எழுந்து இரண்டு பேரும் கடற்கரைச் சாலையில் ஓடுகிறார்களாம். சனி ஞாயிறு ஊருக்கு வந்தால் ஞாயிறு மத்தியானமே பை தயாராக இருக்கும். ஒவ்வொரு முறையும் அந்தப் பையைப் பார்க்கையில் சௌந்தரவல்லிக்கு வயிறு எரிந்தது. இதற்கு வேறு நாகரிகமான பெயர் கிடையாது. எரிச்சல்தான், பொறாமைதான்.

இதில் சேறு வேறு வந்து சேர்ந்துகொண்டது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பதினைந்து வருஷம் அவள் நடவுக்குப் போனவள். விரலிடுக்கில் சேற்றுப்புண்ணும் இடுப்பு வலியுமாக நின்றபோதெல்லாம் அவள் வைத்திருந்தது ஒரே வைராக்கியம், என் பொண்ணு கால்ல இந்தச் சேறு படக்கூடாது. வரப்போரம் விளையாட வந்த பிள்ளையைக் கூடக் குச்சியெடுத்து விரட்டியிருக்கிறாள். இப்போது அந்தப் பெண் போனில் அனுப்பிய படத்தில், எங்கேயோ ஒரு சேற்றுக்குட்டையில் முழங்கால் வரை நின்றுகொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். பக்கத்தில் விஷ்ணுப்ரியா. பயிற்சியாம். தான் குச்சியெடுத்து விரட்டிய சேற்றுக்குள் இன்னொருத்தி கைபிடித்துக் கூட்டிப்போயிருக்கிறாள். அந்தப் படத்தை அவள் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். ரெண்டு பேரும் நிற்கிற நிலையே தப்பு என்பதை மட்டும் கவனித்து வைத்துக்கொண்டாள்.

பதினைந்தாம் தேதி காலையில் சிவக்குமார் காரில் மூவரும் வந்து இறங்கினார்கள். சித்தியும் பெண்ணும் ஒரே நிறத்தில் நீல பனியன். ஓவியா ஓடிவந்து கட்டிக்கொண்டு, "நீ ஓடுறியாம்மா? கார்முகில் அண்ணன் சொன்னாங்க. ஏம்மா சொல்லவே இல்ல?" என்றாள்.

"நீ சொன்னியா?"

பெண்ணின் முகம் சுருங்கியது. "ஒனக்குப் புடிக்காதேன்னுதாம்மா. சேத்துல எறங்குனாலே திட்டுவியே."

"ஜோரா இருக்குக்கா, நீங்களும் வர்றது" என்று விஷ்ணுப்ரியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அதையும் மனதாரத்தான் சொன்னாள். சௌந்தரவல்லி நைட்டிக்குள் மகனில்லாத வீட்டில் கிடைத்த ஒரே கால்சட்டையாகிய புருஷனுடைய பழைய டிராக் பேண்டைப் போட்டு, மேலே துண்டை இழுத்துக் கட்டியிருந்தாள். நீல பனியன்களுக்குப் பக்கத்தில் அது எப்படித் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்தேயிருந்தது.

ஓட்டம் சுவாமிநாதனின் ஒரு ஏக்கர் வயலில். அவர் திருநள்ளாற்றில் லாட்ஜ் நடத்துகிறவர். அறுவடைக்கு ஒருமுறை காரில் வந்து வரப்பில் நின்று பார்த்துவிட்டுப் போவார். சம்பாவுக்கு எப்படியும் சேறடிக்கத்தானே போகிறோம் என்று வயலை மன்றத்துக்கு விட்டுக்கொடுத்திருந்தார். வரிசையாகக் கொடிக்குச்சிகளை நட்டுப் பாதை வகுத்திருந்தார்கள். சௌந்தரவல்லி வரப்பில் நடந்துகொண்டே பார்வையை ஓட்டினாள். கடைசிக் கட்டத்தில், முடிவுக்கோட்டுக்கு முன்னால், பாதை இடப்பக்கம் மடை வரைக்கும் அகன்று கிடந்தது. அவள் நின்றாள்.

மடையடியில் உளை இருந்தது. அவள் நடவுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒரு மழையில் அங்கே கரை உடைந்தபோது, அடைப்பதற்கு அந்த இடத்திலேயே மண்ணைத் தோண்டி எடுத்தார்கள். அந்தப் பள்ளத்தில் வண்டல் வந்து நிரம்பி, மேலே பார்த்தால் மற்ற இடம்போலவே சமமாக, தண்ணீர் தளும்ப, சாதுவாகக் கிடக்கும். கால் வைத்தால் தொடை வரை இறங்கும். டிராக்டர்காரர் அதைச் சுற்றிக்கொண்டு போவார். நடவுப் பெண்கள் ஓரத்தில் நின்றபடி எட்டி நடுவார்கள். வயலுக்குச் சொந்தக்காரருக்குத் தெரியாது. வயலில் இறங்கியே பார்த்திராத கார்முகிலுக்கும் மன்றத்துப் பிள்ளைகளுக்கும் தெரியாது.

நாலடி தள்ளி விஷ்ணுப்ரியா கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். "கடைசில எல்லாரும் நேரா போவாங்க ஓவி. நாம லெப்ட்ல ஒதுங்கிடுவோம். கோடு அந்தப் பக்கம் சாஞ்சு இருக்கு பாரு, இருபது அடியாவது மிச்சம்."

"சூப்பர் சித்தி" என்றாள் ஓவியா.

சௌந்தரவல்லிக்கு வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அங்க போவாதீங்கடி, உளை இருக்கு. இவ்வளவுதான் சொல்லவேண்டியது. ஓவியா சித்தியின் பனியன் காலரில் ஒட்டியிருந்த எதையோ எடுத்துவிட்டாள். சின்னக் காரியம், செய்கிறோம் என்ற நினைப்புக்கூட இல்லாமல் செய்தது. சௌந்தரவல்லி அந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டாள். பெரியவளுக்குத் தொடை வரை இறங்கும், சின்னவள் எடையில்லாதவள், மேலோடு ஓடிவிடுவாள் என்று கணக்குப் போட்டாள். ஒருத்தி சேற்றில் ஒரு நிமிஷம் நின்றால் உலகம் முழுகிவிடாது. ஊர் பார்க்கட்டும், யாருக்குச் சேறு தெரியும் என்று.

"அன்பான பெரியோர்களே, தாய்மார்களே" என்று மைக்கில் தொடங்கினார் காஜா நஜ்முதீன். சவுண்ட் சர்வீஸும் அவருடையது, பேச்சும் அவருடையது. "மொத்தம் ஆறு ஜோடி. பஞ்சநாதன் அண்ணன் ஆறாவது ஜோடியா நிக்கிறாரு. ஊர்ல தண்ணி வரலன்னா இனிமே அவர எங்க தேடணும்னு தெரிஞ்சிக்கங்க." வரப்பு முழுக்கச் சிரிப்பு.

விசில் ஊதியதும் நீல பனியன்கள் பறந்தன. வலைக்கு அடியில் அவர்கள் உடும்பு மாதிரி ஊர்ந்து வெளியேறியபோது, பஞ்சநாதனின் சட்டைப் பொத்தான் வலையில் மாட்டிக்கொண்டிருந்தது. சௌந்தரவல்லி பொத்தானோடு சேர்த்துப் பிய்த்து அவரை இழுத்தாள். டயரில் அவரைப் பின்னாலிருந்து தள்ளினாள். வைக்கோல் கட்டில் அவர் தானாகவே உருண்டு மறுபக்கம் விழுந்தார். அதில் கொஞ்சம் நேரம் மிச்சமானது. நாற்று முடியைத் தோளில் தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்கியதும்தான் ஓட்டம் அவள் பக்கம் திரும்பியது. முன்னால் போன நாலு ஜோடிகளும் காலை உயர்த்தி உயர்த்தி வைத்து, ஒவ்வொரு அடிக்கும் பிடுங்கிப் பிடுங்கித் தவித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் இன்னொருத்தரைப் பிடிக்க, இரண்டு பேரும் விழுந்தார்கள். சௌந்தரவல்லி யாரையும் பார்க்கவில்லை. உடம்பை முன்னால் சாய்த்து, ஒரே சீராக, சத்தமில்லாமல் போனாள். பின்னால் புஸ் புஸ் என்று மூச்சு வாங்கிக்கொண்டு புருஷன் வந்தார். ஒருவரை, இருவரை, நால்வரையும் தாண்டினாள். "அம்மாடி, வல்லி அக்காவப் பாருங்க!" என்று மைக் அலறியது. முன்னால் இருந்தது இரண்டு நீல முதுகுகள் மட்டுமே. அவை இடப்பக்கம் ஒதுங்கத் தொடங்கின.

அவள் வலப்பக்கம் பிடித்தாள். கோட்டுக்கு இன்னும் பத்து அடி இருக்கையில், வரப்பில் ஒரே கூச்சல். திரும்பிப் பார்த்தாள்.

விஷ்ணுப்ரியா தொடை வரை இறங்கியிருந்தாள். இறங்கிய வேகத்தில் முன்னால் விழுந்து, முகமெல்லாம் சேறு. எழுந்து நிற்கப் பார்த்து இன்னும் கொஞ்சம் இறங்கினாள். ஓவியா மேலோடு தாண்டித்தான் போயிருந்தாள், அம்மா போட்ட கணக்குப்படியே. ஆனால் அங்கேயே நிற்காமல் திரும்பி வந்து, சித்தியின் இரண்டு கையையும் பிடித்து இழுத்தாள். இழுக்க இழுக்க அவள் காலும் முழங்கால் வரை போய்விட்டது. "சித்தி, பயப்படாதீங்க, சித்தி" என்று சொல்லும்போதே பெண்ணின் குரல் உடைந்துவிட்டது. இந்தக் கணக்கைச் சௌந்தரவல்லி போடவில்லை.

"வா வல்லி, கோடு இந்தா இருக்கு" என்று பஞ்சநாதன் கையை நீட்டினார். அவருக்கு முதல்முறையாக ஜெயிக்கும் ஆசை வந்திருந்தது.

அவள் நாற்று முடியை அப்படியே போட்டுவிட்டு இடப்பக்கம் நடந்தாள். உளையின் விளிம்பு எதுவென்று அவள் காலுக்குத் தெரியும். அதற்கு அரையடி முன்னால் நின்றாள்.

"ஓவியா, காலப் புடுங்காத. புடுங்கினா இன்னும் கவ்வும். பெருவெரலக் கீழ குத்து. குதிகால மட்டும் லேசாத் தூக்கு, காத்து உள்ள போவட்டும்... ம். இப்ப பின்னால எடு. பின்னாலடி, முன்னால இல்ல."

பொளக் என்று ஒரு கால் வந்தது. இன்னொன்று சத்தமே இல்லாமல் வந்தது. ஓவியா இரண்டு எட்டு பின்வாங்கி விளிம்புக்கு வந்ததும் சௌந்தரவல்லி அவள் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டாள். எலும்பு தட்டுப்படுகிற மாதிரி அழுத்திப் பற்றினாள். எத்தனை நாளாயிற்று இந்தக் கையைப் பிடித்து. பெண் மூச்சு வாங்கியபடி அம்மாவின் காலைப் பார்த்தாள், அது நிற்கிற இடத்தைப் பார்த்தாள், பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"இங்க ஆழம்னு ஒனக்குத் தெரியுமாம்மா?"

வரப்பில் யாரோ கயிறு கொண்டுவரச் சொல்லிக் கத்தினார்கள். விஷ்ணுப்ரியா அசையாமல் இவர்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கேட்டிருக்கும்.

"தெரியும்" என்றாள் சௌந்தரவல்லி. பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

ஓவியா கையை உதறவில்லை. மெதுவாக, ஒவ்வொரு விரலாக விலக்கி எடுத்துக்கொண்டாள். திரும்பி உளைக்குள் காலை வைத்தாள். பெருவிரலைக் குத்தி, குதிகாலைத் தூக்கி, சத்தமில்லாமல் அடுத்த எட்டு. சொல்லி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, பதினைந்து வருஷம் நடவு நட்டவள் மாதிரி நடந்தாள். சௌந்தரவல்லிக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையே நெஞ்சை அறுத்தது. தான் சொல்லிக் கொடுத்த நடையை வைத்துக்கொண்டு பெண் போவது சித்தியிடம்.

சித்தியின் அருகே போய்க் குனிந்தாள் ஓவியா. "புடுங்காதீங்க சித்தி. புடுங்கினா இன்னும் கவ்வும். பெருவெரலக் கீழ குத்துங்க. குதிகால மட்டும் லேசாத் தூக்குங்க, காத்து உள்ள போவட்டும்." சொல் பிசகாமல், இழுவை பிசகாமல் அதே வார்த்தைகள். விஷ்ணுப்ரியா பல்லைக் கடித்துக்கொண்டு செய்து பார்த்தாள். வரவில்லை. மறுபடி செய்தாள். இன்னும் ஒரு விரற்கடை இறங்கினாள். "முடியல ஓவி" என்று அழ ஆரம்பித்தாள்.

முழங்கால் வரை இறங்கினவளுக்கு அது போதும். தொடை வரை இறங்கினவளுக்கு வேறு வழி. அதைச் சௌந்தரவல்லி சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. பின்னால் மற்ற ஜோடிகள் ஓட்டத்தை விட்டுவிட்டு நின்றுவிட்டார்கள். காஜா நஜ்முதீனின் மைக் மட்டும் ஆள் இல்லாமல் இரைந்துகொண்டிருந்தது. அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றோடு ஓடிவந்துகொண்டிருந்தார்.

ஓவியா தலையைத் தூக்கினாள். சித்தியின் தோளை ஒரு கையால் அணைத்தபடி, சேறு அப்பிய முகத்தில் கண் இரண்டும் வெள்ளையாகத் தெரிய, சௌந்தரவல்லியைப் பார்த்தாள். வரப்பு நிறைய ஜனம் நின்றது. அப்பா இருந்தார், சித்தப்பா இருந்தார். அவள் வேறு யாரையும் பார்க்கவில்லை.

"அப்பறம்? அப்பறம் என்னா பண்ணணும், சொல்லும்மா."

முட்டியை மடக்கி மண்டி போடவேண்டும், மார்பைச் சேற்றின் மேல் படுக்கப் போடவேண்டும், அப்போது கால் தானாக மிதந்து வரும். நாலே வார்த்தை. சௌந்தரவல்லி வாயைத் திறந்தாள். பெண் இமைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், சின்ன வயதில் வரப்போரம் நின்று பார்த்ததைப்போல, உலகத்தில் அவளை விட்டால் ஆளே இல்லை என்பதுபோல. சௌந்தரவல்லி அந்த முகத்தைப் பார்த்தபடி, உதடு பிரிந்தது பிரிந்தபடி, இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள்.